நூறு வயது வாத்தியாரும் எங்கப்பாவின் இஸ்திரிப் பெட்டியும்

பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியவுடன் முதல் ஆளாகப் பேர் கொடுத்தது நான்தான். மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று தலைப்பு கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் ஏழு பேர் கலாம் ஐயாவை எழுதுகிறார்கள், இரண்டு பேர் காமராஜரை. நான் எழுதப் போகிற பெரியவர் பெயரைச் சொன்னதும் பக்கத்து பெஞ்ச் நண்பன் அது யாரு மச்சான், கேள்விப்பட்டதே இல்லையே என்றான். ஆனால் நண்பர்களே, ஒவ்வொரு வருடமும் ஜூன் 21 அன்று நம்மை எல்லாம் மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்து, கையைத் தூக்கு, மூச்சை இழு என்று செய்யச் சொல்கிறார்களே, அந்த யோகா உலகத்துக்குப் போனதில் இந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. (ஜூன் 22 அன்று மைதானத்தில் ஒரு ஆள் இருக்க மாட்டான் என்பது வேறு விஷயம். அந்த விஷயத்துக்கும் வருகிறேன்.)

அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888 நவம்பர் 18-ல் கர்நாடகாவின் சித்ரதுர்கா பக்கம் முச்சுகுந்தபுரம் என்ற கிராமத்தில் பிறந்தார். 1989 பிப்ரவரி 28-ல் நம்ம சென்னையில் காலமானார். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு வருடம் மூன்று மாதம்.

எனக்கு அவரைத் தெரிந்தது படிப்பினால் அல்ல, இஸ்திரி துணியால். எங்கப்பா மந்தைவெளியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். சாயங்காலம் காலேஜ் விட்டு வந்ததும் தெருத்தெருவாகப் போய்த் தேய்த்த துணியைக் கொடுத்துக் காசு வாங்குவது சின்ன வயசிலிருந்து என் வேலை. ராமகிருஷ்ணா நகர் நாலாவது குறுக்குத் தெருவில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் என்று ஒரு போர்டு இருக்கும். வெள்ளைக்காரர்கள் பாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். நான் ரொம்ப நாள் அதை ஒரு கோயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துணி மூட்டையோடு கடந்து போகும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டும் போயிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

போன வருஷம் ஆடி மாசம் எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வயசு 47. வண்டியில் நின்று தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கை பெட்டியை விட்டுவிட்டது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, பேச்சும் வந்துவிட்டது, காலை இழுத்து இழுத்தாவது நடக்கிறார். ஆனால் வலது கை தொங்கிப் போனது. இஸ்திரிக்காரருக்கு வலது கை என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி அம்மாவிடம் வந்தது. எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்தன்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ மூன்றாவது வருடத்தை நிறுத்திவிட்டு நானும் வண்டிக்குப் போவதா என்ற பேச்சு வீட்டில் இரண்டு தடவை வந்தது. வந்து, யாரும் முடிவு சொல்லாமல் அப்படியே நின்றது.

பிசியோதெரபி அக்கா தினமும் செய்யச் சொல்லி அஞ்சாறு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். எங்கப்பா ஒரு கணக்குப் போட்டார். பொங்கலுக்குள் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும். தை மாசம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதில் எல்லாரும் பார்க்க வலது கையால் மொய் எழுத வேண்டும். முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் செய்தார். போதவில்லை என்று ஜன்னல் கம்பியில் கயிறு போட்டு, இடது கையால் இழுத்து வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். எட்டாவது நாள் தோள்பட்டை வலி தாங்காமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்தில் தோள் மூட்டைப் பிடித்து வைக்கிற தசை தளர்ந்து போயிருக்கும், அந்த நேரத்தில் இப்படிக் கயிற்றால் மேலே இழுத்தால் மூட்டுக்குத்தான் கேடு என்று அந்த அக்கா எங்களைச் சத்தம் போட்டார். அதற்கப்புறம் எங்கப்பா ஒன்றுமே செய்யவில்லை. பதினாறு நாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பதினாறு நாளில்தான் நான் இந்தப் பெரியவரைப் படித்தேன். துணி கொடுக்கப் போன ஒரு வீட்டில், பக்கவாதம் வந்த யாருக்கோ அவர் யோகா சொல்லிக்கொடுத்ததாகப் பேச்சு வந்தது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். புத்தகங்கள் இங்கிலீஷ். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. பரவாயில்லை, ஏசி நன்றாக இருந்தது.

கிருஷ்ணமாச்சார்யாவின் அப்பாதான் அவருக்கு முதல் குரு. அஞ்சு வயசிலேயே வேதமும் ஆசனமும் ஆரம்பித்துவிட்டது. பத்து வயசு வாக்கில் அப்பா இறந்து போனார். குடும்பம் மைசூருக்கு வந்தது. அங்கே பரகால மடத்தில் படிப்பு. 18 வயதில் காசிக்குக் கிளம்பினார். நம் வயசுதான் என்பதைக் கவனியுங்கள். இலக்கணம், தர்க்கம், மீமாம்சை, வேதாந்தம், ஆயுர்வேதம் என்று ஊர் ஊராகப் போய்ப் படித்துப் பட்டங்கள் வாங்கினார். அப்புறம் இமயமலை தாண்டி மானசரோவர் பக்கம் ராமமோகன பிரம்மச்சாரி என்பவரிடம் ஏழரை வருடம் யோகம் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஏழரை என்றால் நமக்கு சனிதான் ஞாபகம் வரும், இவருக்கு அது கல்வி! 16 வயதில் ஆழ்வார்திருநகரியில் மயக்கம் போட்டு விழுந்தபோது, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய நாதமுனிகள் தோன்றி யோக ரகசியம் என்ற நூலையே ஓதிக் காட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு மெக்கானிக்கல் புத்தி, நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வருகிற பகுதி. இமயமலை குரு கேட்ட தட்சிணை பணம் இல்லை. ஊருக்குப் போ, கல்யாணம் பண்ணிக்கொள், பிள்ளை குட்டியோடு இருந்து யோகம் சொல்லிக்கொடு என்பதுதான் தட்சிணையாம். இவ்வளவு பட்டம் வாங்கிய மனிதர் பெரிய உத்தியோகத்துக்குப் போகாமல் யோகம் சொல்லித்தர வந்தார். 1920-களில் யோகம் கற்க யார் வருவார்கள்? அப்போது இளைஞர்களுக்கு உடற்பயிற்சி என்றால் சாண்டோ. ஐரோப்பாவின் பயில்வான் யூஜின் சாண்டோ 1900-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து எடை தூக்கிக் காட்டிவிட்டுப் போனதில், நம் ஊரில் கட்டுமஸ்தான ஆளுக்கே சாண்டோ என்று பெயர் நின்றுவிட்டது. எம்.ஜி.ஆர். படங்கள் எடுத்த சாண்டோ சின்னப்பா தேவருக்குக்கூட அந்தப் பட்டம்தான். அப்படிப்பட்ட காலத்தில் மூக்கைப் பிடித்து மூச்சு விடுகிறவரை யார் மதிப்பார்கள்? கிருஷ்ணமாச்சார்யா ஹாசன் பக்கம் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை பார்த்தார். 1925-ல் நாமகிரி அம்மாளைக் கல்யாணம் செய்திருந்தார். மனைவியின் புடவையைக் கிழித்து வேட்டியாகக் கட்டிக்கொண்ட நாட்களும் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

லீவு நாளில் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார். நாடித் துடிப்பை நிறுத்திக் காட்டுவது, ஓடுகிற காரைக் கையால் நிறுத்துவது, பல்லால் பாரம் தூக்குவது என்று அத்தனையும் செய்தார். யோகத்துக்கும் பல்லால் பாரம் தூக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தோன்றியது. கூட்டம் சேர்க்க வேண்டும், சேர்ந்த கூட்டத்தில் பத்து பேராவது கற்க வர வேண்டும். பிழைப்பு.

மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் கண்ணில் பட்டதும்தான் திசை மாறியது. 1930-களின் தொடக்கத்தில் அரண்மனைக்கு வந்தார். 1933 வாக்கில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்தை நெருங்கியிருந்தது. 1934-ல் கன்னடத்தில் யோக மகரந்தம் என்ற புத்தகம் எழுதினார், 1938-ல் அது மதுரையில் தமிழிலும் அச்சாகி வந்தது. பிள்ளைகள் எல்லாம் துள்ளுகிற வயசுப் பையன்கள். அதனால் ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போகிற மாதிரி வேகமான வரிசைகள் வைத்தார். அரண்மனை உடற்பயிற்சிக் கூடத்தின் தாக்கம் இதில் உண்டு என்று ஆராய்ச்சியாளர் நார்மன் ஷோமன் 1996-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1938-ல் எடுத்த ஊமைப்படம் ஒன்று இப்போது யூடியூபில் கிடைக்கிறது. ஐம்பது வயசு மனிதர், இரும்புக் கம்பி மாதிரி வளைகிறார். பாருங்கள், வாய் பிளந்துவிடும்.

ஆனால் அந்த மைசூர் நாட்களில் எனக்கு நெருடுகிற ஒரு சம்பவம் உண்டு. மனைவியின் தம்பி ஒரு பையன், 1934-ல் அக்கா வீட்டுக்கு வந்தான். 1918-ல் விஷக் காய்ச்சல் உலகத்தையே ஆட்டிய வருஷம் பிறந்தவன். காசநோய், மலேரியா, டைபாய்டு என்று எல்லாம் பார்த்துவிட்டு எலும்பும் தோலுமாக இருந்தான். மச்சான் அவனை முதலில் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நன்றாகச் செய்து காட்டிக்கொண்டிருந்த ஒரு சிஷ்யன் ஓடிப் போய்விட, அடுத்து வந்த நிகழ்ச்சிக்கு ஆள் வேண்டும் என்று இந்தப் பையனுக்குச் சில நாளில் கடினமான ஆசனங்களைத் திணித்தார். இன்னொரு தடவை ஒரு பெரிய மனிதர் முன்னால் ஹனுமானாசனம் செய்து காட்டச் சொன்னார். ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே தரையோடு தரையாகப் படிய வேண்டும். பழக்கமே இல்லை. தெரியாது என்று சொல்ல முடியாத பயம். செய்தான். தொடைத் தசை கிழிந்தது. ரொம்ப காலம் சரியாக நடக்க முடியாமல் போனதை அந்தப் பையனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் யார் தெரியுமா? உலகப் புகழ் பெற்ற பி.கே.எஸ். அய்யங்கார். 1937-ல் புனா போய், கயிறு, பெல்ட், நாற்காலி, மரக்கட்டை என்று ஆசனத்துக்குத் துணைப் பொருட்கள் வைத்து, முடியாதவனும் முடிந்த அளவு செய்கிற முறையைக் கொண்டு வந்தவர். 2014 வரை இருந்தார். அடிபட்ட தொடைதான் அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்ததோ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கப்பாவின் ஜன்னல் கயிறு ஞாபகம் வந்தது. யாருக்கோ காட்டுவதற்காகச் செய்தது. மொய் எழுதுவதைச் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. அவரை மட்டும் சொல்வானேன், நான் மட்டும் என்ன? முதல் வருஷம் எங்க ஏரியா ஜிம்மில் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு ஒன்பது நாள் போனேன். ஒரே மாசத்தில் புஜம் வந்து, டைட் டீ-ஷர்ட் போட்டு, காலேஜ் டேயில் மேடை ஏற வேண்டும் என்பது லட்சியம். பத்தாவது நாள் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடிக்க முடியாமல் வைவாவில் திட்டு வாங்கியது தனிக் கதை.

சரி, கதைக்கு வருவோம். இந்திரா தேவி என்று ரஷ்யப் பேரரசில் பிறந்த ஒரு பெண்மணி கற்க வந்தார். அந்நிய நாட்டுக்காரர், அதுவும் பெண் என்று முதலில் மறுத்தார் கிருஷ்ணமாச்சார்யா. மகாராஜா சொன்ன பிறகு சேர்த்துக்கொண்டார். சேர்த்த பின் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார், ஊருக்குப் போய்ச் சொல்லித்தரச் சொல்லி அவரே அனுப்பி வைத்தார். அந்த அம்மாள் 1947-ல் ஹாலிவுட்டில் யோகா பள்ளி திறந்தார், 2002 வரை வாழ்ந்தார். மைசூரில் இன்னொரு சிஷ்யர் பட்டாபி ஜோயிஸ். வேகமான தாவும் வரிசைகளை அஷ்டாங்க யோகம் என்று உலகம் முழுக்கக் கொண்டு போனது அவர்தான்.

1940-ல் மகாராஜா இறந்தார். சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானமே இல்லாமல் போனது. 1950-ல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயது தாண்டிவிட்டது, வீட்டில் ஆறு குழந்தைகள், வேலை போய்விட்டது. நம்ம ஊர் வழக்கப்படி அந்த வயசில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டியதுதான். அவரோ புது ஊருக்கு, புதுசாகப் பிழைக்கக் கிளம்பினார். 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். எதற்காக வந்தார் தெரியுமா? இங்கே ஒரு பிரபல வக்கீலுக்குப் பக்கவாதம். அவருக்குச் சிகிச்சை கொடுக்கச் சொல்லி அழைத்திருந்தார்கள்.

இந்த வரியைப் படித்ததும் நூலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் சொல்லிக்கொடுத்தார், வீடுகளுக்குப் போயும் சொல்லிக்கொடுத்தார். சென்னையில் அவரிடம் வந்தவர்கள் மைசூர் பையன்கள் மாதிரி இல்லை. சர்க்கரை, ஆஸ்துமா, முதுகுவலி, தூக்கம் வராதவர்கள், பிரசவம் ஆன பெண்கள், வயசானவர்கள். இவர்களிடம் தாவு என்றால் நடக்குமா? இங்கேதான் அந்த மனிதர் மாறினார். அல்லது, முன்பே அவருக்குள் இருந்தது இங்கே வெளியே வந்தது. கூட்டமாக உட்கார வைத்து ஒரே பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டார். வந்தவரின் நாடி பார்ப்பார். என்ன வேலை செய்கிறார், என்ன சாப்பிடுகிறார், எப்படித் தூங்குகிறார் என்று கேட்பார். அதற்கப்புறம் அந்த ஆளுக்கென்று ஒரு பயிற்சி. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: யோகத்துக்குத் தகுந்த மாதிரி ஆளை வளைக்கக் கூடாது, ஆளுக்குத் தகுந்த மாதிரி யோகத்தை வளைக்க வேண்டும்.

வின்யாச கிரமம் என்று அவர் முறைக்குப் பெயர். பயந்துவிடாதீர்கள், விஷயம் சுலபம். ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்றால் இப்போது எங்கே நிற்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஏறியபின் பத்திரமாக இறங்கவும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் வளைந்தால் அதைச் சமன் செய்ய மறுபக்கம் ஒரு அசைவு வேண்டும். இது எல்லாவற்றுக்கும் அளவுகோல் மூச்சு. கை தூக்கும்போது மூச்சு உள்ளே, இறக்கும்போது வெளியே, அசைவு மூச்சுக்குள் அடங்க வேண்டும். மூச்சு திணறினால், பிடித்து வைத்துப் பல்லைக் கடித்தால், இன்றைய எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஒர்க்‌ஷாப்பில் நாம் கேஜ் வைத்து அளப்போமே, அவருக்கு மூச்சுதான் கேஜ்.

வயசுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். வளரும் பிள்ளைக்கு ஓட்டமும் துள்ளலும். குடும்பம் நடத்துகிறவருக்கு உடம்பைக் கெடாமல் காப்பது முக்கியம், நேரமும் அவருக்குக் குறைவு, அதனால் பயிற்சியும் குறைவு. முதுமையில் மூச்சும் தியானமும். நோய் வந்தவருக்குத் தனி வழி. ஒரே ஆளுக்கே இருபது வயசில் ஒன்று, ஐம்பதில் வேறு ஒன்று.

அவர் மகன் தேசிகாச்சார் கதையை நம்ம காலேஜில் அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் இன்ஜினியர்! மைசூரில் பொறியியல் படித்து முடித்து, வேலையும் கிடைத்து, கிளம்பத் தயாராக இருந்தவர். அப்பாவின் யோகத்தில் ஈடுபாடே கிடையாது. 1960-களின் தொடக்கம். ஒருநாள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் இறங்கி ஓடி வந்து, ஆசாரமான வைஷ்ணவரான இவர் அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மகனுக்கு அதிர்ச்சி. பல வருடமாக மாத்திரை இல்லாமல் தூங்க முடியாத அந்த அம்மாள் முந்தைய நாள் ராத்திரி முதல் தடவையாக மாத்திரை இல்லாமல் தூங்கியிருந்தார், அந்த சந்தோஷமாம். உலகத்து டாக்டர்களிடம் எல்லாம் போய் வந்தவருக்கு, இங்கிலீஷ் சரியாகப் பேசாத தன் அப்பா எப்படித் தூக்கம் கொடுத்தார் என்று யோசித்த மகன், வேலைக்குப் போகாமல் அப்பாவிடம் மாணவராகச் சேர்ந்துவிட்டார். எங்க வீட்டில் நான் அப்படிச் செய்தால் அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிவிடுவார். 1960-களின் நடுவில் கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் எழுபது வயது தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்திக்கே சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தார் தேசிகாச்சார். 1976-ல் அப்பா பெயரில் அந்த மந்திரத்தைத் தொடங்கியதும் அவர்தான். அவரும் 2016-ல் மறைந்துவிட்டார்.

கடைசியாக ஒரு சம்பவம். 96 வயதில் கிருஷ்ணமாச்சார்யா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அது சரியா தப்பா என்று நான் சொல்ல மாட்டேன், யாரும் இதைப் படித்துவிட்டு டாக்டர் பேச்சை மீற வேண்டாம். நான் பார்ப்பது அடுத்து அவர் செய்ததை. படுக்கையில் கிடந்தபடியே தனக்கென்று ஒரு பயிற்சி முறையை அமைத்துக்கொண்டார். ஓடுகிற காரை நிறுத்தியவர், ஐம்பது வயசில் கம்பி மாதிரி வளைந்தவர், இப்போது படுக்கையில் என்ன முடியுமோ அதை மட்டும், அதிலிருந்து ஆரம்பித்துத் தினமும் செய்தார். நூறாவது பிறந்த நாளையும் பார்த்தார்.

இந்தச் சம்பவத்தை அன்று ராத்திரி எங்கப்பாவிடம் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டார். 96-ஆ என்று ஒரு தடவை கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 96-ஆ என்றார். அப்புறம் தூங்கிவிட்டார் என்று நினைத்து லைட்டை அணைத்தேன். இருட்டில், நாளைக்கு அந்தப் பெரிய துண்டை எடுத்து வை என்றார்.

மறுநாள் நான் முதலில் பிசியோதெரபி அக்காவிடம் போனேன். ஜன்னல் கயிறு அனுபவம் போதும். நான் படித்ததைச் சொல்லி, எங்கப்பா இப்போது நிற்கிற இடத்திலிருந்து முதல் படி எது என்று கேட்டேன். மேஜை மேல் துண்டை விரித்து, வலது கையை அதன் மேல் வைத்து, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளச் சொன்னார். கை மேலே போக வேண்டியதில்லை. வலி வருகிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். அசைவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது தேய்க்கிற அசைவு!

பத்து தடவை. காலை டீ குடித்த டம்ளரை வைத்தவுடன். டீயை எங்கப்பா எந்த நாளும் மறக்க மாட்டார் என்பதால் டீயோடு முடிச்சுப் போட்டோம். மூச்சைப் பிடித்தால் அம்மா ஸ்டாப் என்று கத்துவார், அது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த வேலை. இருபது செய்கிறேன் என்று அவர் அடம் பிடித்த நாட்களிலும் பத்துதான். பொங்கல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. காலண்டரில் செய்த நாளுக்கு ஒரு கோடு, செய்யாத நாளுக்கு ஒன்றும் கிடையாது, திட்டும் கிடையாது. மேஜையில் சாக்பீஸால் நான் ஒரு ஸ்கேல் வரைந்தேன். முதல் நாள் கை போனது 9 சென்டிமீட்டர். ஒரு மாசம் கழித்து 17. நடுவில் நாலு நாள் காய்ச்சல் வந்து 14-க்கு இறங்கி மறுபடி ஏறியது. இறங்கிய அன்று கிருஷ்ணமாச்சார்யாவை மறுபடி ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பொங்கல் வந்தது, எங்கப்பா வண்டிக்குப் போகவில்லை. அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. தை மாசக் கல்யாணத்துக்கும் வரவில்லை, மொய்யை நான்தான் எழுதினேன். ஆனால் மறுநாள் காலையில் டீ டம்ளரை வைத்துவிட்டு அவராகவே துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதை அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாசியில் துண்டுக்குப் பதில் இஸ்திரிப் பெட்டி. தணல் இல்லாத காலிப் பெட்டி, இரண்டு கையாலும் பிடித்து, தூக்காமல் தள்ள மட்டும். பெட்டி ஆறேழு கிலோ இருக்கும். பங்குனியில் அம்மா நாலு கரித்துண்டு போட்டுக் கொடுத்தார், பக்கத்திலேயே நின்றுகொண்டார். முதலில் கர்ச்சீப். அப்புறம் தலையணை உறை. சட்டைக் காலரும் பேன்ட் மடிப்பும் இன்னும் அம்மாதான். நான் காலேஜை நிறுத்துகிற பேச்சு மூன்றாவது தடவை வரவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து எங்கப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கேட்டுத் திருத்தம் சொல்வார். கயிறு கட்டிய விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார், நான் எடுக்கவில்லை. அந்தத் தாத்தா போட்டோ இருக்கா என்று கேட்டார். செல்போனில் 1938 படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, வேட்டி நல்லா தேய்ச்சிருக்காங்க என்றார். நேற்று ஏழு கர்ச்சீப், இரண்டு உறை.